பரணில் கிடக்கும் ரிமோட் வண்டி: பழுது பார்ப்பதும் பேட்டரியைப் பேணுவதும்



துபாய், சவூதி, சிங்கப்பூர் என்று சபுரில் இருக்கும் வாப்பாமார்களும் மாமாமார்களும் விடுமுறையில் வரும்போது பிள்ளைகளுக்குக் கொண்டுவரும் சாமான்களில் இப்போது பெரிய டயர் வைத்த ரிமோட் வண்டியும் சேர்ந்துவிட்டது. பிள்ளைகள் அதை 'மான்ஸ்டர் டிரக்' என்கிறார்கள். வந்த முதல் வாரம் தெருப் பிள்ளைகள் அத்தனை பேரும் அதன் பின்னால் ஓடுவார்கள். இரண்டாம் மாதம் ஒரு முன்சக்கரம் சாயும், அல்லது வண்டி ஒரு பக்கமாகவே இழுக்கும். மூன்றாம் மாதம் பரணுக்குப் போய்விடும். அடுத்த விடுமுறைக்குப் புதிதாக ஒன்று வேண்டும் என்று போனில் கோரிக்கை கிளம்பும். பாலைவன வெயிலில் நின்று சம்பாதித்த பல ஆயிரம் ரூபாய் பரணில் தூசி படிந்து கிடக்கும்.

அறக்கட்டளை மாடியில் ஞாயிறுதோறும் அஸருக்குப் பின் நடக்கும் பழுதுபார்ப்பு வகுப்பு மின்விசிறி, மிக்ஸி, அயர்ன் பாக்ஸ் ஆகியவற்றுக்காகத்தான் தொடங்கியது. பிள்ளைகள் தாமாகவே இந்த வண்டிகளைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தபோது இரண்டு விஷயங்கள் தெரிந்தன. பரணுக்குப் போன வண்டிகளில் பெரும்பாலானவை சிறு பழுதால் நின்றவை. ஒரு திருகு, ஒரு பேரிங், ஒரு பல்சக்கரம் போதும், மறுபடி ஓடும். இன்னொன்று கவலை தருவது: வீட்டாருக்குத் தெரியாமலேயே பேட்டரிகள் வீங்கிப்போய்க் கட்டிலடியிலும் துணி அலமாரியிலும் கிடந்தன. இந்த இரண்டையும் எல்லா வீட்டுக்கும் சொல்ல வேண்டும் என்றே இந்தக் கட்டுரை. (வகுப்புக்கான கருவிகள் சகோதரர் ஒருவரின் நன்கொடையில் வாங்கப்பட்டவை. ஸகாத் நிதியிலிருந்து ஒரு ரூபாயும் எடுக்கவில்லை என்பதைக் கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் சொல்லிக்கொள்கிறோம்.)

விளையாட்டுச் சாமானுக்கு மடலில் இத்தனை பக்கமா என்று பெரியவர்கள் சிலர் நினைக்கலாம். நபி (ஸல்) அவர்கள் தம் செருப்பைத் தாமே தைத்துக்கொண்டார்கள், கிழிந்த ஆடைக்குத் தாமே ஒட்டுப் போட்டார்கள் என்று மதரஸாவில் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறோம். அந்தப் பாடத்தைக் கையால் படிக்க ஒரு பொருள் வேண்டாமா? பன்னிரண்டு வயதுப் பையனுக்குத் தைக்கச் செருப்பைக் கொடுத்தால் ஓடிவிடுவான். வண்டியைக் கொடுத்தால் மக்ரிப் பாங்கு சொல்லும்வரை எழுந்திருக்க மாட்டான்.

எந்த வகை வண்டி?

அமெரிக்காவில் செயிண்ட் லூயிஸ் நகர்ப் பக்கம் பாப் சாண்ட்லர் என்பவர் தம் ஃபோர்டு பிக்கப் வண்டிக்குப் பெரிய டயர்களை மாட்டி 'பிக்ஃபுட்' என்று பெயர் வைத்ததிலிருந்து இந்த மோகம் தொடங்கியது. 1981இல் அது பழைய கார்களின் மேல் ஏறி அவற்றை நசுக்கிக் காட்டியது. சில ஆண்டுகளில் ஜப்பானின் தமியா நிறுவனம் அதைச் சிறிதாக்கி ரிமோட் வண்டியாக விற்றது. 1986இல் பிளாக்ஃபுட், 1987இல் இரண்டு மோட்டார்களும் நான்கு சக்கரமும் திரும்பும் வசதியும் கொண்ட கிளாட் பஸ்டர். பிறகு டெக்சாஸ் மாநிலத்து டிராக்சாஸ் நிறுவனத்தின் ஸ்டாம்பீட், டி-மேக்ஸ் போன்றவை வந்தன. இப்போது நம் ஊருக்கு வருபவற்றில் பாதி சீனத் தயாரிப்பு. அமைப்பு ஏறத்தாழ ஒன்றுதான்.

உங்கள் வீட்டு வண்டி பொம்மையா, பொழுதுபோக்கு வகையா என்பதை மேல்கூட்டைக் கழற்றியதும் கண்டுகொள்ளலாம். உள்ளே ஒரே ஒரு சர்க்கியூட் போர்டும் அதிலிருந்து எல்லாக் கம்பிகளும் கிளம்பினால் அது பொம்மை. போர்டு போனால் வண்டி போனது. மோட்டார் தனி, வேகத்தைக் கட்டுப்படுத்தும் இஎஸ்சி தனி, ரிசீவர் தனி, சக்கரத்தைத் திருப்பும் சர்வோ தனி என்று பிரிந்து கிடந்தால் அது பொழுதுபோக்கு வகை. எது கெட்டதோ அதை மட்டும் மாற்றலாம். இந்தக் கட்டுரை அந்த வகைக்கு, அதிலும் பேட்டரி வண்டிக்கு மட்டும். நைட்ரோ எரிபொருளில் ஓடும் வண்டியை எங்கள் வகுப்பில் சேர்ப்பதில்லை. புகையும் சத்தமும் பள்ளிவாசலுக்குப் பக்கத்தில் சரிப்படாது.

வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு சொல்: வேகத்தைக் கேட்காதீர்கள், உதிரிபாகம் கிடைக்குமா என்று கேளுங்கள். சக்கரத்தைத் தாங்கும் கை, பெரிய பல்சக்கரம், சர்வோ ஆகிய மூன்றும் தனியே விற்கப்படாத வண்டியை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

ஓட்டி முடித்த பத்து நிமிடம்

பராமரிப்பு என்றால் பெரிய வேலை இல்லை. ஓட்டி முடித்ததும் முதலில் வண்டியின் சுவிட்சையும், அதன் பிறகே ரிமோட்டையும் அணைக்க வேண்டும். தொடங்கும்போது நேர்மாறாக ரிமோட் முதலில், வண்டி பிறகு. இந்த வரிசையை மாற்றினால், சிக்னல் இல்லாமல் நிற்கும் வண்டி தானாகப் பாயக்கூடும். அடுத்து பேட்டரியைக் கழற்றித் தனியே வையுங்கள். இதை எந்த நாளும் விடக் கூடாது. சுவிட்சை அணைத்தாலும் பேட்டரி இணைப்பில் இருந்தால் கொஞ்சம் கொஞ்சமாக வடிந்துகொண்டே இருக்கும்.

பிறகு ஒரு பழைய பெயிண்ட் பிரஷ்ஷால் மண்ணைத் தட்டிவிடுங்கள். குழாயைத் திறந்து பீய்ச்சிக் கழுவாதீர்கள். 'வாட்டர் புரூஃப்' என்று பெட்டியில் போட்டிருப்பது மின்சாதனப் பகுதிகளுக்குத்தான். பேரிங்குகளுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. மழைத் தண்ணீரில் ஓட்டிவிட்டால் உலர்த்தி, பேரிங்குகளுக்குத் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விடலாம். தேங்காய் எண்ணெய் வேண்டாம், பிசுபிசுத்து மண்ணைப் பிடித்துக்கொள்ளும்.

கடற்கரையைப் பற்றித் தனியே சொல்ல வேண்டியிருக்கிறது. நம் பிள்ளைகளுக்கு ஓட்ட நல்ல இடம் என்று தோன்றுவது அதுதான், வண்டிக்கு ஆகாத இடமும் அதுதான். உப்பு ஈரம் பேரிங்கைச் சில நாட்களில் துருப்பிடிக்க வைக்கும். மேலும் நம் கரையோரத்துக் கருமணலில் காந்தத்தில் ஒட்டும் துகள்கள் உண்டு. மோட்டாருக்குள் இருப்பதோ காந்தம். அந்தத் துகள்கள் காற்றுத் துளை வழியாக உள்ளே போய் ஒட்டிக்கொண்டால் ஊதினாலும் வராது, தட்டினாலும் வராது. வகுப்புக்கு வந்த மோட்டார்களில் மிக மோசமானவை கடற்கரையில் ஓடியவைதாம். மழை பெய்து இறுகிய கண்மாய்த் தரை, செம்மண் மைதானம், காலியான மனை இவை போதும்.

மாதம் ஒருமுறை எல்லாத் திருகுகளையும் தொட்டுப் பாருங்கள். சக்கர நட்டு, மோட்டாரைப் பிடித்திருக்கும் இரண்டு திருகுகள், மோட்டார்த் தண்டில் இருக்கும் சிறிய பினியன் பல்சக்கரத்தின் பூட்டுத் திருகு இவைதான் அதிர்வில் முதலில் தளர்பவை. உலோகத்துக்குள் உலோகம் போகும் இடத்தில் நீல நிற திரெட் லாக் பசை ஒரு துளி விடலாம். பிளாஸ்டிக்குக்குள் போகும் திருகில் அதை விடக் கூடாது, பிளாஸ்டிக்கை அது கெடுக்கும்.

இந்த வண்டிகளில் திருகுகள் பெரும்பாலும் அறுகோணக் குழி உள்ளவை, 1.5, 2, 2.5 மி.மீ. ஆலன் கீ மூன்றும் போதும். நல்லவையாக வாங்குங்கள். மலிவான கீ முனை மழுங்கித் திருகின் குழியையும் மழுக்கிவிடும். பிறகு பத்து ரூபாய்த் திருகை எடுக்க ஒரு மாலை முழுதும் போகும். பிளாஸ்டிக்கில் திருகை மறுபடி போடும்போது முதலில் மெதுவாக இடப்பக்கமாகச் சுற்றுங்கள். 'டிக்' என்று ஓரிடத்தில் உட்காரும். அது பழைய புரி. அங்கிருந்து வலப்பக்கம் முறுக்கினால் புரி தேயாது. இந்த ஒன்றைக் கற்றுக்கொண்ட பையன் வீட்டு மிக்ஸி மூடியையும் உடைக்காமல் கழற்றுவான்.

பழுதைக் கண்டுபிடிப்பது

பிள்ளைகள் வண்டி நின்றதும் செய்வது எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கழற்றுவது. வகுப்பில் இதற்குத் தடை. வண்டியை ஒரு கட்டையின் மேல் தூக்கி வைத்து, நான்கு சக்கரமும் தரையில் படாமல், ரிமோட்டை அமுக்கி முதலில் காதால் கேட்க வேண்டும். ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்க வேண்டும். மாற்றியது என்ன, நடந்தது என்ன என்று நோட்டில் எழுத வேண்டும்.

மோட்டார் கத்துகிறது, வண்டி நகரவில்லை என்றால் மின்சாரம் சரியாக இருக்கிறது, கோளாறு பற்களில். பினியனின் பூட்டுத் திருகு தளர்ந்திருக்கலாம், பெரிய பல்சக்கரமான ஸ்பர் கியரின் பல் தேய்ந்திருக்கலாம், அல்லது அதன் மேல் உள்ள ஸ்லிப்பர் கிளட்ச் தளர்ந்து வழுக்கலாம். ஸ்பர் கியரை மாற்றும்போது இரண்டு பல்சக்கரங்களும் எவ்வளவு நெருங்க வேண்டும் என்பதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். நோட்டுத் தாளில் ஒரு மெல்லிய பட்டை கிழித்து இரண்டுக்கும் நடுவே விட்டு, மோட்டாரை நெருக்கித் திருகை இறுக்குங்கள். பிறகு சக்கரத்தைச் சுற்றித் தாளை வெளியே எடுங்கள். தாள் கிழியாமல் மடிப்பு மடிப்பாக வந்தால் இடைவெளி சரி. கிழிந்தால் நெருக்கம் அதிகம். மடிப்பே விழாவிட்டால் தளர்வு, பற்கள் சீக்கிரம் போய்விடும்.

சக்கரம் திரும்புகிறது, வண்டி ஓடவில்லை என்றால் ரிமோட்டும் ரிசீவரும் நலம். மோட்டார் அல்லது இஎஸ்சி. நன்றாக இருக்கும் வேறொரு மோட்டாரை அதே கம்பியில் இணைத்தால் எது என்று தெரிந்துவிடும். இரண்டு கம்பி உள்ள சாதாரண மோட்டாரில் உள்ளே கார்பன் பிரஷ் தேய்ந்துபோவது இயல்பு. மூன்று கம்பி உள்ள பிரஷ்லெஸ் மோட்டாரில் அந்தத் தொல்லை கிடையாது. இரண்டையும் ஒன்றுக்குப் பதில் ஒன்றாக இணைக்கக் கூடாது, அவற்றுக்கு இஎஸ்சி வேறு வேறு.

வண்டி ஓடுகிறது, சக்கரம் திரும்பவில்லை, சர்வோவில் 'ம்ம்' என்று முனகல் கேட்கிறது என்றால் அதற்குள் இருக்கும் சிறிய பற்கள் உடைந்திருக்கும். முனகலே இல்லை என்றால் கம்பியையும் பிளக்கையும் முதலில் பாருங்கள்.

ஒரு பக்கமாக இழுக்கிறது என்று பரணில் ஆறு மாதம் கிடந்த ஒரு வண்டி எங்களிடம் வந்தது. ரிமோட்டில் 'டிரிம்' என்ற சிறு திருகுமுனையை அவன் தம்பி திருப்பி வைத்திருந்தான். நடுவில் வைத்ததும் வண்டி நேராக ஓடியது. செலவு ஒன்றுமில்லை. அவன் உம்மா அடுப்படியிலிருந்து சிரித்த சிரிப்பு எங்களுக்குப் போனில் கேட்டது.

பேரிங் போய்விட்டதா என்று பார்க்கச் சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். உள்ளே மணல் அரைபடுவது போல உணர்ந்தால் மாற்ற வேண்டும். பத்தில் ஒரு பங்கு அளவு வண்டிகள் பலவற்றில் உள் விட்டம் 5, வெளி விட்டம் 11, தடிமன் 4 மி.மீ. உள்ள பேரிங் வருகிறது. எம்ஆர்115 என்று எண் சொல்லி நகரத்துப் பேரிங் கடையில் கேட்டால் கிடைக்கும். கம்பெனிப் பொட்டலத்துக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. பழையதைக் கையோடு கொண்டுபோய் அளந்து வாங்குங்கள்.

ஷாக் அப்சார்பரில் எண்ணெய் ஒழுகினால் உள்ளிருக்கும் சிறிய ரப்பர் வளையம் தேய்ந்திருக்கிறது. வளையத்தை மாற்றி, சிலிக்கான் எண்ணெய் ஊற்றி, தண்டை மெதுவாக மேலும் கீழும் அசைத்துக் காற்றுக் குமிழ் அடங்கும்வரை வைத்திருந்து மூடவும். பைக்குக்கு ஊற்றும் எஞ்சின் ஆயிலை ஊற்றினால் ரப்பர் ஊதிப்போகும்.

உடைந்த சஸ்பென்ஷன் கையைப் பசை வைத்து ஒட்டுவது வீண்வேலை, முதல் குதியில் விட்டுவிடும். அதை வாங்கித்தான் ஆக வேண்டும். மேல்கூடு கிழிந்தால் அப்படியல்ல. அது பாலிகார்பனேட் தாள். உட்பக்கம் சோப்புத் தண்ணீரால் துடைத்துக் காயவைத்து, சுவர் விரிசலுக்கு ஒட்டும் ஃபைபர் வலை நாடாவை வைத்து, அதன் மேல் செருப்புக்கு ஒட்டும் ரப்பர் பசையைத் தடவுங்கள். ஒரு இரவு காய்ந்தால் புதிதைவிட உறுதி. உடனே ஒட்டும் சூப்பர் குளூவைத் தடவ வேண்டாம், அது காய்ந்து விறைத்து மறுபடி அதே இடத்தில் வெடிக்கும்.

பேட்டரி: வீட்டார் அனைவரும் படிக்க வேண்டிய பகுதி

மேலே சொன்னவை பிள்ளைகளுக்கு. இது உம்மாமார்களுக்கும் வாப்பாமார்களுக்கும்.

இந்த வண்டிகளில் இரண்டு வகை பேட்டரி வருகிறது. ஒன்று நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு, சுருக்கமாக என்ஐஎம்ஹெச். உருளை உருளையாகச் செல்கள் தெரியும். கனம் அதிகம், பொறுமையும் அதிகம். மற்றொன்று லித்தியம் பாலிமர், பிள்ளைகள் 'லிப்போ' என்பார்கள். செங்கல் போலத் தட்டையாக இருக்கும். இரண்டு கம்பியுள்ள பெரிய பிளக்கோடு ஒரு வெள்ளை நிறச் சிறு பிளக்கும் தொங்கும். வேகம் தருவது இது. தவறாகக் கையாண்டால் தீப்பிடிப்பதும் இது. உங்கள் வீட்டில் எது இருக்கிறது என்று இன்றே பாருங்கள்.

லிப்போவில் ஒரு செல்லின் முழு அளவு 4.2 வோல்ட். 3 வோல்ட்டுக்குக் கீழே போனால் அது கெட்டது. இரண்டு செல் உள்ளதை 2எஸ் என்பார்கள், சராசரி 7.4 வோல்ட், மூன்று செல் 3எஸ், 11.1 வோல்ட். வண்டியின் இஎஸ்சியில் குறைந்த வோல்ட்டில் தானாக நிறுத்தும் வசதி இருக்கும். அது லிப்போவுக்குப் பொருத்தப்பட்டிருக்கிறதா என்று கையேட்டைப் பார்த்து உறுதி செய்யுங்கள். வண்டி மெதுவாகிவிட்டால் ஓட்டம் முடிந்தது என்று பொருள்; இன்னும் ஒரு சுற்று என்று அமுக்கும் அந்த ஒரு சுற்றில்தான் பேட்டரி சாகிறது.

சார்ஜ் செய்ய லிப்போவுக்கென்றே உள்ள, வெள்ளைப் பிளக்கையும் இணைத்து ஒவ்வொரு செல்லையும் சமமாக நிரப்பும் சார்ஜர் மட்டுமே வேண்டும். என்ஐஎம்ஹெச் சார்ஜரில் லிப்போவைப் போடுவது நெருப்பை அழைப்பது. 5000 எம்ஏஹெச் பேட்டரிக்கு 5 ஆம்பியர் என்பது பாதுகாப்பான அளவு. 3000க்கு 3 ஆம்பியர். சீக்கிரம் வேண்டும் என்று கூட்டி வைக்க வேண்டாம். ஓட்டி முடித்த சூட்டோடு சார்ஜில் போடாதீர்கள், ஆறட்டும்.

சார்ஜ் செய்யும் இடம் சிமெண்ட் தரை. மெத்தை, பாய், மரமேசை, திரைச்சீலை எதுவும் பக்கத்தில் வேண்டாம். மண்சட்டிக்குள் வைத்துச் செய்தால் இன்னும் நல்லது. பக்கத்தில் ஒரு வாளி காய்ந்த மணல் இருக்கட்டும். சார்ஜ் ஆகும்போது ஒரு பெரியவர் அந்த அறையிலேயே இருக்க வேண்டும். ஜும்ஆவுக்குப் போகிறோம், சார்ஜ் ஏறட்டும் என்று கதவைப் பூட்டிவிட்டுப் போவது கூடாது. இரவில் போட்டுவிட்டு உறங்குவது அறவே கூடாது. உறங்கப் போகும்போது வீட்டில் நெருப்பை எரியவிட வேண்டாம் என்பது நபி (ஸல்) அவர்கள் நமக்குக் கற்றுத் தந்த ஒழுங்கு. அன்று அது திரிவிளக்கு. இன்று சுவரில் சிவப்புப் பொட்டாக மினுங்கும் சார்ஜரும் அந்த ஒழுங்குக்குள்தான் வருகிறது என்று நாங்கள் கருதுகிறோம்.

ஒரு வாரத்துக்கு மேல் ஓட்டப் போவதில்லை என்றால் முழுதாக நிரப்பியும் வைக்காதீர்கள், காலியாகவும் வைக்காதீர்கள். செல்லுக்கு 3.8 வோல்ட் என்ற நடு அளவில் வைக்க வேண்டும். நல்ல சார்ஜர்களில் 'ஸ்டோரேஜ்' என்ற தேர்வு இதற்காகவே இருக்கிறது. பரண் பேட்டரிக்கு இடமல்ல. சித்திரை வெயிலில் கூரைக்கு அடியில் இருக்கும் சூட்டை நாம் அறிவோம். நிறுத்தி வைத்த காருக்குள்ளும் வேண்டாம்.

பேட்டரி அப்பளம் போல உப்பியிருந்தாலோ, இனிப்பு கலந்த ஒரு ரசாயன வாடை வந்தாலோ, உறை கிழிந்திருந்தாலோ அதோடு அதன் வாழ்வு முடிந்தது. ஊசியால் குத்திக் காற்றை எடுத்துவிடலாம் என்று பிள்ளைகளுக்குள் ஒரு பேச்சு இருக்கிறது. தயவுசெய்து அவர்களைக் கூப்பிட்டு வைத்துச் சொல்லுங்கள்: குத்தினால் தீப்பிடிக்கும். அதை மறுபடி சார்ஜில் போடவும் கூடாது. பிளக் முனைகளை இன்சுலேஷன் டேப்பால் தனித்தனியே சுற்றி, மணல் நிரப்பிய மண்சட்டியில் வீட்டுக்கு வெளியே நிழலில் வைத்துவிட்டு எங்களுக்குச் சொல்லுங்கள். மின்கழிவு எடுப்பவர்களிடம் சேர்த்துவிடுகிறோம். குப்பை வண்டியில் போட வேண்டாம். அதை அள்ளுகிறவரும் ஒரு வீட்டின் வாப்பாதான்.

தீப்பிடித்துவிட்டால் பிளக்கைப் பிடுங்க முடிந்தால் பிடுங்குங்கள், முடியாவிட்டால் மெயினை அணைத்துவிட்டுப் பிள்ளைகளை வெளியேற்றுங்கள். அந்தப் புகை நச்சு. மணலைக் கொட்ட முடிந்தால் கொட்டலாம். வண்டியைக் காப்பாற்றுகிறேன் என்று குனிய வேண்டாம். 101க்கு அழையுங்கள்.

சபுரிலிருந்து வருகிறவர்களுக்கு ஒரு செய்தி. தனியாக எடுத்துவரும் லித்தியம் பேட்டரியை விமானத்தில் லக்கேஜில் போடக் கூடாது. கைப்பையில்தான் கொண்டுவர வேண்டும், முனைகள் மூடப்பட்டிருக்க வேண்டும். 100 வாட் அவர் வரை பொதுவாக அனுமதி. 7.4 வோல்ட்டை 5 ஆம்பியர் அவரால் பெருக்கினால் 37 வாட் அவர்தான் வருகிறது, எனவே சாதாரண பேட்டரிக்குத் தடை இருக்காது. ஆனாலும் உங்கள் விமான நிறுவனத்திடம் கேட்டுக்கொள்ளுங்கள். பெட்டி கட்டும்போது வண்டிக்குள் பேட்டரி இருக்கிறதா என்று பார்க்க மறந்து விமான நிலையத்தில் பெட்டியைப் பிரித்துக் காட்டி நின்றவர்கள் நம் ஊரிலேயே உண்டு.

மேம்படுத்துவது

வண்டி ஓடத் தொடங்கியதும் பிள்ளைகளின் அடுத்த ஆசை, இன்னும் வேகம். யூடியூப் பார்த்துவிட்டுப் பிரஷ்லெஸ் மோட்டார் வேண்டும் என்பார்கள். கணக்கைப் போட்டுக் காட்டுங்கள். 3500 கேவி என்றால் ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்தில் 3500 சுற்று. 7.4 வோல்ட்டில் 25,900 சுற்று. அதே மோட்டாருக்கு 11.1 வோல்ட் கொடுத்தால் 38,850. இந்த வேகத்தைப் பழைய பிளாஸ்டிக் தண்டு தாங்காது, முறுங்கும். தண்டை மாற்றினால் டிஃபரென்ஷியல் பற்கள் போகும். அதை மாற்றினால் டயர் கிழியும். ஒரு மோட்டாரில் தொடங்கிய செலவு வண்டியின் விலையைத் தாண்டிவிடும்.

உலோகக் கை வாங்கினால் உடையாது என்பதும் இதே கதைதான். பிளாஸ்டிக் கை வளைந்து அடியை வாங்கிக்கொள்ளும். அலுமினியம் வளையாது, அடியை அப்படியே உள்ளே அனுப்பும், உடைவது அடிச்சட்டமாக இருக்கும். சட்டத்தை மாற்ற வண்டியை முழுதாகக் கழற்ற வேண்டும். வண்டியைச் செய்தவர்கள் சில இடங்களை வேண்டுமென்றே இளக்கமாக வைத்திருக்கிறார்கள். கிளட்ச் வழுக்குவதும் சர்வோவின் மேல் ஸ்பிரிங் இருப்பதும் அதற்காகத்தான். சற்று விலை கூடினாலும் வளைந்து கொடுக்கும் நைலான் கைகளே நம் தேர்வு.

எங்களைக் கேட்டால் முதல் செலவு பேரிங். தமியா போன்ற சில வண்டிகளில் பேரிங்குக்குப் பதில் வெறும் புஷ் போட்டு வரும். அதை மாற்றினால் வண்டி இலகுவாக ஓடும், பேட்டரி அதிக நேரம் வரும், மோட்டார் சூடு குறையும். அதன் பிறகு உலோகப் பல் உள்ள, நீர் புகாத நல்ல சர்வோ. பிறகு தரைக்கேற்ற டயர். இவை மூன்றும் முடிந்து ஒரு வருடம் ஓட்டிய பின்னும் ஆசை இருந்தால் மோட்டாரைப் பற்றிப் பேசலாம்.

பினியனை மட்டும் மாற்றி வேகம் கூட்டுவது மலிவான வழி. ஸ்பர் கியரில் 80 பல், பினியனில் 20 பல் என்றால் மோட்டார் நான்கு முறை சுற்றினால் ஸ்பர் ஒரு முறை சுற்றும். 25 பல் பினியன் போட்டால் 3.2 சுற்று போதும். வேகம் கால் பங்கு கூடும். ஆனால் மோட்டாரின் பாரமும் கூடும். பெரிய டயர் மாட்டினாலும் இதே விளைவுதான், பலர் இதைக் கவனிப்பதில்லை. ஐந்து நிமிடம் ஓட்டி மோட்டாரைத் தொடுங்கள். விரலைச் சற்று நேரம் வைத்திருக்க முடியவில்லை என்றால் பல்லைக் குறைத்துவிடுங்கள். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு விகிதமும் ஓமின் விதியும் இதில் வந்துபோகின்றன.

பிளக் மாற்றச் சால்டரிங் செய்வோர் பேட்டரியின் இரண்டு கம்பிகளையும் ஒரே வெட்டில் வெட்டாதீர்கள். கத்தரி வழியாகவே ஷார்ட் ஆகிவிடும். ஒன்றை வெட்டி, ஒட்டி, டேப் சுற்றிய பிறகு அடுத்தது. வகுப்பில் இந்த வேலையை மிகச் சுத்தமாகச் செய்வது எட்டாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண்பிள்ளை; அவள் காக்காவின் வண்டியைக் கொண்டுவந்து கொடுக்க வந்தவள். பெண்பிள்ளைகளுக்கு உம்மாமார்களோடு வரத் தனி நேரம் ஒதுக்கியிருக்கிறோம்.

ஓட்டும் இடம்

பத்தில் ஒரு பங்கு வண்டி இரண்டு கிலோவுக்கு மேல் இருக்கும், மணிக்கு 40, 50 கிலோமீட்டர் வரை போகும். எக்ஸ்-மேக்ஸ் போன்ற பெரிய வண்டிகள் எட்டு கிலோவைத் தாண்டும். ஒரு குழந்தையின் கணுக்காலில் பட்டால் எலும்பு முறியும். தெருவில், தொழுகைக்கு ஆட்கள் நடக்கும் நேரத்தில், கபரஸ்தானுக்குள் ஓட்ட வேண்டாம். ஆளுக்கு இவ்வளவு என்று பணம் கட்டி ஜெயித்தவன் எடுத்துக்கொள்ளும் பந்தயம் வேண்டவே வேண்டாம்; சிறுவர்கள் செய்தாலும் அதன் பெயர் சூதாட்டம்தான்.

வகுப்பு ஞாயிறு அஸர் முதல் மக்ரிப் வரை. வண்டி, ரிமோட், சார்ஜர், கையேடு இருந்தால் கையேடு எல்லாவற்றையும் கொண்டு வாருங்கள். பேட்டரியை வண்டியிலிருந்து கழற்றித் தனிப் பையில் கொண்டு வர வேண்டும். வீங்கிய பேட்டரியைப் பிள்ளைகள் கையில் கொடுத்தனுப்ப வேண்டாம். அலுவலகத்துக்குச் சொன்னால் நாங்களே வந்து எடுத்துக்கொள்கிறோம். இனி ஓட்டப் போவதில்லை என்று முடிவு செய்த வண்டியிருந்தால் கொடுத்துவிடுங்கள். பாகங்களைப் பிரித்து, வாங்க வசதியில்லாத பிள்ளைகளுக்கு ஒரு வண்டியாகச் சேர்த்துக்கொண்டிருக்கிறோம். இப்போது அதற்கு முன் ஷாக் இரண்டும் ஒரு ரிசீவரும் குறைகிறது.